அளந்ததா, கணக்குப் போட்டதா, குத்துமதிப்பா? ஜிம் எண்களைப் படிக்கும் விதம்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் வசதியாக இருக்கும். வயது 38, உயரம் 172 செ.மீ., எடை 84 கிலோ. ஐந்து மாதமாக ஜிம். கையில் புது ஸ்மார்ட் வாட்ச். அது வி.ஓ.2 மேக்ஸ் 34 என்கிறது, எச்.ஆர்.வி. 28 என்கிறது, ஒரு மணி நேர ஒர்க்அவுட்டுக்கு 520 கலோரி என்கிறது, காலையில் எழுந்தால் ரிகவரி 41% என்கிறது. ஜிம்மில் ஒரு மெஷினில் ஏற்றி நிறுத்தி, கொழுப்பு 29%, இரண்டு வாரத்தில் தசை 1.4 கிலோ குறைந்திருக்கிறது என்று தாள் கொடுத்திருக்கிறார்கள். மாஸ்டர் வேறு 'ஜோன் 2', 'ஆர்.பி.இ. 8' என்று பேசுகிறார். இதில் எதைப் பார்ப்பது, எதை விடுவது, துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டை வாங்கலாமா?

திருச்சியில் பதினோரு வருடமாக ட்ரெய்னராக இருக்கிறேன். இந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு மாதம் நாலு பேராவது என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த எண் அளந்ததா, கணக்குப் போட்டதா, குத்துமதிப்பா? திரையில் மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே தைரியத்தோடு வரும். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதயத்துடிப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வாட்சில் உள்ள பாதி எண்கள் அதிலிருந்து பிறந்தவை. வாட்சைக் கழற்றித் திருப்பினால் பச்சை விளக்கு மின்னுவது தெரியும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது, வாட்ச் அதை எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போதும், தூங்கும்போதும், சீராக நடக்கும்போதும் இது நன்றாகவே வேலை செய்யும். ராடை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கினால் போச்சு. வாட்ச் தளர்வாக இருந்தாலும், அந்த இடத்தில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தாலும் தடுமாறும். ஓடும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும்: காலடி நிமிடத்துக்கு 170 என்றால், அந்த ஆட்டத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டு 170 காட்டும். மெதுவாகத்தான் ஓடுகிறீர்கள், மூச்சும் வாங்கவில்லை, ஆனால் வாட்ச் 170ல் நிற்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். கழுத்தில் விரலை வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தெரிந்துவிடும்.

நெஞ்சுப் பட்டை வேறு சங்கதி. அது இ.சி.ஜி. மாதிரி இதயத்தின் மின்சாரத்தையே பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982ல் கம்பியில்லாத இதயத்துடிப்பு மானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாற்பது வருடம் தாண்டியும் வீட்டு உபயோகத்தில் அதற்கு மேல் துல்லியமானது பெரிதாக ஒன்றும் வரவில்லை.

இப்போது ஜோன், அதாவது உழைப்பின் கடுமையைத் துடிப்பை வைத்து ஒன்று, இரண்டு என்று பிரித்த படி. துடிப்பை அளந்தாகிவிட்டது, சரி. அது எந்த ஜோன் என்று சொல்ல உங்கள் அதிகபட்சத் துடிப்பு தெரிய வேண்டும். அதை யாரும் அளக்கவில்லை. 220லிருந்து வயதைக் கழித்து 182 என்று வாட்ச் வைத்துக்கொள்கிறது. 2001ல் வந்த இன்னொரு வாய்ப்பாடு, 208லிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொல்கிறது. உங்கள் வயதில் அதுவும் 181தான். ஆனால் 60 வயதுக்காரருக்கு ஒன்று 160 தரும், மற்றது 166 தரும். இரண்டுமே சராசரி. ஒரே வயதுக்காரர்களுக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருப்பது சர்வ சாதாரணம். உங்களுடைய உண்மையான உச்சம் 172 ஆகவும் இருக்கலாம், 193 ஆகவும் இருக்கலாம்.

அதோடு முடியவில்லை. 'ஜோன் 2 என்றால் 60 முதல் 70 சதவீதம்' என்கிறார்களே, எதில் சதவீதம்? சில ஆப்கள் உச்சத் துடிப்பில் சதவீதம் எடுக்கின்றன. 182ல் 60 முதல் 70% என்றால் 109 முதல் 127. சில ஆப்கள் கார்வோனன் என்ற பின்லாந்து ஆய்வாளரின் முறையில், உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மீதியில் சதவீதம் எடுத்து, ஓய்வுத் துடிப்பைத் திரும்பக் கூட்டும். உங்கள் ஓய்வுத் துடிப்பு 68 என்று வைத்துக்கொண்டால் 136 முதல் 148. ஒரே ஆள், ஒரே ஜோன், இரண்டு ஆப். ஒன்றின் மேல்வரம்பு மற்றதன் கீழ்வரம்பைக்கூடத் தொடவில்லை! உங்கள் மாஸ்டரும் வாட்சும் சண்டை போட்டுக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதற்குச் சண்டை வேண்டாம். பக்கத்தில் ஆள் இருந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியாது, அதுதான் ஜோன் 2. போனில் மனைவியிடம் பேசினால் அவர் 'எங்கே ஓடிக்கிட்டிருக்கீங்க?' என்று கேட்கும் அளவு.

வெயிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் ஏ.சி. இல்லாத ஜிம்மில் அதே வேகத்தில் நடந்தாலும், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் போக வேண்டியிருப்பதால் துடிப்பு பத்துப் பதினைந்து கூடும். நேரம் ஆக ஆக மெல்ல ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்து 'ஸ்டாமினா போச்சு' என்று பயப்படாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு அடெனோலால், மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நேர்மாறு: துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்கள் வாட்சின் ஜோனை மறந்துவிட வேண்டும், எவ்வளவு கடுமையாகப் பயிற்சி செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வி.ஓ.2 மேக்ஸ்: முழு வீச்சில் உழைக்கும்போது உங்கள் உடல் ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லி ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது. உண்மையாக அளக்க வேண்டுமென்றால் முகத்தில் மாஸ்க் மாட்டி, டிரெட்மில்லில் மூச்சு முட்டும் வரை ஓடவிட்டு, மூச்சுக்காற்றை ஆராய வேண்டும். உங்கள் வாட்ச் அதையெல்லாம் செய்யவில்லை. இந்த வேகத்தில் போகும்போது துடிப்பு இவ்வளவு, அப்படியானால் உச்சத்தில் இவ்வளவு இருக்கும் என்று நீட்டிப் பார்க்கிறது. அந்த உச்சம் எங்கிருந்து வந்தது? அதே 220 கழித்தல் வயது. ஆகவே இது கணக்கின் மேல் போட்ட கணக்கு. வாட்ச் இல்லாமலும் பார்க்கலாம். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968ல் வெளியிட்ட சோதனை: 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறதோ அந்த மீட்டரிலிருந்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுக்க வேண்டும். 400 மீட்டர் டிராக்கில் 5 சுற்று, அதாவது 2000 மீட்டர் ஓடினால் 33.4 வரும். உங்கள் வாட்ச் சொல்லும் 34க்குக் கிட்டத்தட்ட அதுதான் அர்த்தம். (ஐந்து மாதமாக நடை மட்டும்தான் என்றால் எடுத்த எடுப்பில் இந்தச் சோதனைக்கு இறங்காதீர்கள்.)

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, 'ஒரு கிலோ எடைக்கு' என்பது. இதயமும் நுரையீரலும் அப்படியே இருக்க, நீங்கள் 84லிருந்து 78 கிலோவுக்கு வந்தால் போதும், 34 என்பது 36.6 ஆகிவிடும். எடை குறைந்த பிறகும் வாட்சில் பழைய எடையே கிடந்தால் இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்? ஒருமுறை செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவர் மனைவியின் வாட்சை ஆறு மாதம் கட்டிக்கொண்டிருந்தார், பெண், 58 கிலோ என்ற விவரத்தோடு.

எச்.ஆர்.வி. பற்றி அதிகம் பயந்திருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் விநாடிக்கு ஒன்று என்று கடிகாரம் போல அடிப்பதில்லை. ஒரு இடைவெளி 0.96 விநாடி, அடுத்தது 1.03, அதற்கடுத்தது 0.99. மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகவும் விடும்போது சற்று நிதானமாகவும் அடிக்கும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் எச்.ஆர்.வி., மில்லி விநாடியில் சொல்வார்கள். உடல் ஓய்வாக இருந்தால் பொதுவாக இது கூடும். காய்ச்சல், தூக்கமின்மை, மது, மன அழுத்தம் எல்லாம் இதைக் குறைக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் இது மலைக்கும் மடுவுக்குமாக மாறும். உங்கள் 28ஐ நண்பருடைய 65உடன் ஒப்பிடுவது, உங்கள் செருப்பு அளவை அவர் செருப்பு அளவோடு ஒப்பிடுவது போலத்தான். போதாததற்கு, ஆப்பிள் வாட்ச் ஒரு வாய்ப்பாட்டிலும், கார்மின் போன்றவை வேறொரு வாய்ப்பாட்டிலும் இதைக் கணக்கிடுகின்றன. பெயர் மட்டும் ஒன்று. உங்களுடைய நான்கு வார சராசரி என்ன, அதிலிருந்து இந்த வாரம் சரிந்திருக்கிறதா, அதை மட்டும் பாருங்கள். ராத்திரி பதினொன்றரைக்குக் கல்யாண ரிசப்ஷனில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மறுநாள் காலை இந்த எண் சரியும், ஓய்வுத் துடிப்பு நாலைந்து ஏறும். எனக்கே பலமுறை ஆகியிருக்கிறது.

ரிகவரி 41%? துடிப்பு, எச்.ஆர்.வி., தூக்கம், நேற்றைய பயிற்சிச் சுமை எல்லாவற்றையும் கம்பெனி தன் இஷ்டப்படி கலக்கி ஒரு எண்ணாக்கித் தருகிறது. கலவை விகிதம் கம்பெனி ரகசியம். தூக்கத்தின் ஆழத்தை முறையாகக் கண்டறிய லேப்பில் தலையில் மின்முனை ஒட்டி மூளை அலையைப் பார்ப்பார்கள். மணிக்கட்டில் மூளை அலை ஏது? இது சுத்தமான குத்துமதிப்பு. 41% காட்டுகிறது என்பதற்காக ஜிம்முக்கு லீவு போடாதீர்கள். போய் வார்ம்அப் செய்யுங்கள், வெறும் ராடே கனமாகத் தெரிந்தால் அன்று இலகுவாக முடித்துக்கொள்ளுங்கள்.

கலோரி விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: அந்த 520ஐ நம்பிப் பரோட்டா சாப்பிடாதீர்கள். 2017ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேருக்குக் கட்டிப் பரிசோதித்தார்கள். துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம்! கருவிகள் அதற்குப் பிறகு முன்னேறியிருக்கின்றன, ஆனாலும் அடிப்படைச் சிக்கல் அதேதான். கலோரியை மணிக்கட்டில் அளக்க வழியில்லை, துடிப்பையும் அசைவையும் வைத்து யூகிக்கத்தான் முடியும்.

'டோட்டல்', 'ஆக்டிவ்' என்ற இரண்டு சொற்களைப் பிரித்துப் பாருங்கள். சும்மா படுத்திருந்தாலே உங்கள் வயது, உயரம், எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1730 கலோரி செலவாகும், அதாவது மணிக்கு 72. 520 என்பது டோட்டல் என்றால், அதில் 72 நீங்கள் சோஃபாவில் கிடந்தாலும் செலவாகியிருக்கும். டிரெட்மில் காட்டுவது இன்னும் வேடிக்கை. எடையைப் போடாமல் ஸ்டார்ட் அழுத்தினால் அதற்கு நீங்கள் யாரென்றே தெரியாது, தனக்குள் இருக்கும் ஏதோ ஒரு எடைக்குக் கணக்குப் போடும். எங்கள் ஜிம்மில் தினமும் பார்க்கிற காட்சி: சாய்வு 12 வைத்துக்கொண்டு, முன்கம்பியைப் பேருந்தில் தொங்குவது போலப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நடப்பார்கள். கை பாதி எடையைத் தாங்கிக்கொள்கிறது. மெஷின் மட்டும் மலை ஏறியதற்கான முழுக் கலோரியையும் எழுதித் தரும். (டிரெட்மில்லின் பூர்வீகம் தெரியுமா? 1818ல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக்கைதிகளை வேலை வாங்குவதற்காக அறிமுகப்படுத்திய மிதிசக்கரம். இன்று மாதச் சந்தா கட்டி ஏறுகிறோம்.)

காலடிக் கணக்கையும் அப்படியே விட்டுவிடலாம். தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது 1965ல் ஜப்பானில் ஒரு நடைமானிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. 'மான்போ கெய்' என்றால் பத்தாயிரம் அடி மானி. விளம்பரத்துக்கு எடுப்பான எண், அவ்வளவுதான். 2019ல் வயதான பெண்களிடம் நடந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், இறப்பு விகிதம் குறைவது சுமார் 7500 அடியிலேயே சமநிலைக்கு வந்துவிட்டது. நம் ஊர்ச் சாலையில் பைக் ஓட்டினால் வாட்ச் தானாக நூறு இருநூறு அடி சேர்த்துக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து அந்தத் தாள். தசை 1.4 கிலோ போய்விட்டது என்றுதானே தூக்கம் கெட்டது? அந்த மெஷின் உங்கள் தசையைப் பார்க்கவே இல்லை. காலிலும் கையிலும் உள்ள உலோகத் தகடு வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடை இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, எளிதாகப் போகாது. அளந்தது அந்தத் தடையை மட்டுமே. அதோடு உயரம், எடை, வயது, ஆணா பெண்ணா எல்லாவற்றையும் வாய்ப்பாட்டில் போட்டு தசை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று எழுதுகிறது. ஆக, உடலில் தண்ணீர் மாறினால் தாளில் தசை மாறும். ஒருமுறை சோதனைக்காக நானே காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில் ஏறினேன், கொழுப்பு 18.2%. அன்று மாலை இரண்டு மணி நேரம் வியர்த்த பிறகு அதே மெஷினில் 20.9%. பன்னிரண்டு மணி நேரத்தில் எனக்குக் கொழுப்பு ஏறிவிடவில்லை, அது உங்களுக்கே தெரியும். நீங்கள் அந்த இரண்டு வாரத்தில் சோறு, இட்லியைக் குறைத்தேன் என்றும் எழுதியிருந்தீர்கள். தசையில் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் குறைந்தால், ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் கூடவே போகும். 1.4 கிலோவில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை, காலையில், சாப்பிடும் முன், பாத்ரூம் போய்வந்த பின், அதே மெஷினில் எடுங்கள். மூன்று தாள் சேர்ந்த பிறகு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஒற்றைத் தாளுக்கு மதிப்பில்லை.

அதே தாளில் பி.எம்.ஐ. 28.4 என்றும் இருந்திருக்கும். அது வெறும் உயர எடைக் கணக்கு. ஆனால் நம்மவர்கள் அதை அலட்சியப்படுத்தவும் முடியாது. 2004ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது: புனேயின் டாக்டர் யாஜ்னிக், லண்டனின் டாக்டர் யூட்கின், இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தியர்களுக்கு 25க்குப் பதில் 23லேயே அதிக எடை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தையல்காரர் டேப்பால் தொப்புள் உயரத்தில் இடுப்பை அளந்து வையுங்கள். 10 ரூபாய் டேப், நேரடியாக அளந்த எண்.

இனி வெயிட் பக்கம். இங்கேதான் எனக்குப் பிடித்த எண்கள் இருக்கின்றன, ஏனென்றால் இவை பெரும்பாலும் அளந்தவை. ராடில் 60 கிலோ, 8 ரெப்ஸ் (தொடர்ந்து எட்டு முறை தூக்கி இறக்குவது), 3 செட் (அதையே மூன்று சுற்று). இதில் ஏமாற்ற ஒன்றுமில்லை. மூன்றையும் பெருக்கினால் 1440 கிலோ, இதைத்தான் ஆப்கள் 'வால்யூம்' என்கின்றன. பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து ராடை மேலே தள்ளுவது) வால்யூமைப் போன மாத பெஞ்ச் பிரஸ்ஸோடு ஒப்பிடலாம். லெக் பிரஸ்ஸோடு கூட்டி 'இன்று பத்து டன் தூக்கினேன்' என்று ஸ்டேட்டஸ் போடுவதில் அர்த்தமில்லை.

ஒன் ஆர்.எம். என்பது ஒரே ஒரு ரெப் தூக்க முடிகிற உச்ச எடை. அதைத் தூக்கிப் பார்க்கத் தேவையில்லை. எப்லி வாய்ப்பாடு: தூக்கிய எடையை, ரெப்ஸை 30ஆல் வகுத்து 1 கூட்டி வருவதால் பெருக்க வேண்டும். 60 கிலோ 8 ரெப்ஸ் என்றால் 76 கிலோ. பிரிஸிக்கி என்பவரின் வாய்ப்பாடு 74.5 தரும். பத்து ரெப்ஸுக்கு மேல் போனால் இரண்டுமே உளற ஆரம்பிக்கும். 76 வருகிறதா என்று பார்க்க, சப்போர்ட்டுக்கு ஆள் இல்லாமல் பெஞ்சில் படுக்காதீர்கள், தயவுசெய்து.

ஆர்.பி.இ. என்பது 'எவ்வளவு கஷ்டமாக இருந்தது' என்பதற்கு நீங்களே போடும் மார்க். சுவீடனின் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல் 6ல் தொடங்கி 20ல் முடியும். ஏன் இந்த விசித்திர எண்கள்? பத்தால் பெருக்கினால் தோராயமாக இதயத்துடிப்பு வரட்டும் என்பதற்காக. வெயிட் தூக்குபவர்கள் அதை 10க்கு மாற்றிக்கொண்டார்கள்: 10 என்றால் இன்னொரு ரெப் முடியாது, 8 என்றால் இன்னும் இரண்டு முடியும். மாஸ்டர் சொன்ன 'ஆர்.பி.இ. 8' இதுதான். ஆரம்பத்தில் எல்லோரும் இதில் தவறுவார்கள், இரண்டுதான் மிச்சம் என்று நினைக்கும்போது ஐந்து இருக்கும். ஆறு மாதத்தில் பழகிவிடும். பார்க்கப் போனால் இதுவும் குத்துமதிப்புதான், ஆனால் போடுவது அந்த உடம்புக்குள்ளேயே இருக்கும் ஆள்.

கேபிள் மெஷினில் மட்டும் ஒரு எச்சரிக்கை. எடைக் கட்டையில் 40 என்று எழுதியிருப்பதால் நீங்கள் இழுப்பது 40 கிலோ என்று ஆகாது. கப்பி இரண்டுக்கு ஒன்று என்ற அமைப்பில் இருந்தால் கைக்கு வருவது 20தான்.  ஜிம் மாறியதும் 'பலம் போய்விட்டது' என்று வருந்துபவர்கள் முதலில் கப்பியை எண்ணட்டும். ராடும் அப்படித்தான்: ஒலிம்பிக் ராடு 20 கிலோ, ஆனால் பல ஜிம்களில் கிடப்பது எட்டிலிருந்து பதினைந்துக்குள் ஏதாவது இருக்கும். எடைத் தராசில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக நெஞ்சுப் பட்டை. வெயிட்டும் நடையும்தான் என்றால் வேண்டாம். வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி ஓடும் இன்டர்வெல் பயிற்சி தொடங்கப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம், அங்கேதான் மணிக்கட்டு வாட்ச் மிகவும் பின்தங்கும். புளூடூத்தோடு ஆன்ட் பிளஸ் (கருவிகளைக் கம்பியில்லாமல் இணைக்கும் இன்னொரு முறை) வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள், ஜிம் டிரெட்மில்லோடும் சைக்கிளோடும் சேர்த்துக்கொள்ள உதவும். மாட்டும் முன் உள்பக்கத்து ரப்பர் பகுதியைத் தண்ணீரில் நனைக்க வேண்டும்; காய்ந்திருந்தால் முதல் ஐந்து நிமிடம் கண்டபடி காட்டும். முடிந்ததும் கழுவிக் காயப்போடுங்கள், வியர்வை உப்புதான் பட்டையைச் சீக்கிரம் கெடுக்கும். பேட்டரி பெரும்பாலும் சி.ஆர். 2032 அல்லது 2025, தெருமுனை வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.